பேச்சு வராதவருக்குப் பாட்டு வருவது எப்படி?

பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன ஒருவர். பெயரைக் கேட்டால் வாய் அசைகிறது, சொல் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் கையால் காட்டுகிறார். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கூத்துப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டாம் அடியிலேயே அவரும் சேர்ந்துவிடுகிறார். சொல் தெளிவாக இருக்கிறது, மெட்டும் பிசகவில்லை. பாட்டு முடிந்தால் திரும்பவும் பேச்சில்லை.

இப்படியான காணொளிகள் வட்ஸ்அப்பில் வரும்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பொதுவாக மூன்று விதமாகக் கதைப்பார்கள். "இவருக்கு ஏலும்கா, வேணுமெண்டுதான் கதைக்கிறாரில்ல" என்பது ஒன்று. "பேச்சு திரும்பிட்டுது, இனிப் பயமில்ல" என்பது இன்னொன்று. பாட்டைப் போட்டுவிட்டாலே வாதம் சுகமாகிவிடும் என்பது மூன்றாவது. மூன்றும் பிழை. முதலாவது பிழை மட்டுமல்ல, படுக்கையில் கிடப்பவருக்குச் செய்யும் அநியாயமும்கூட. ஏன் பிழை என்று விளங்க, மூளை மொழியையும் இசையையும் எப்படிக் கையாள்கிறது என்று கொஞ்சம் அடியிலிருந்தே பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

பாரிசவாதம் என்பது மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் தடைப்படுவது, அல்லது இரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது. முதல் வகைதான் அதிகம். வாய்க்கால் ஒன்று அடைபட்டால் அந்த வாய்க்கால் பாயும் வயல்கள் மட்டும் காய்வதுபோல, எந்தக் குழாய் அடைபட்டதோ அது ஊட்டும் பகுதி மட்டும் சேதமாகும். மூளையின் இடது அரைக்கோளத்தில் பேச்சை உண்டாக்கும் பகுதியும், வலது முகத்தையும் வலது கையையும் அசைக்கும் பகுதியும் அருகருகே இருக்கின்றன. இரண்டுக்கும் இரத்தம் கொண்டுபோவது நடு மூளை நாடி என்ற ஒரே குழாயின் கிளைகள். வலது பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவது இதனால்தான்.

பேச்சிழப்பு என்பது மொழியே பாதிக்கப்படுவது. மருத்துவத்தில் அஃபேசியா என்பார்கள். நாக்கும் உதடும் பலவீனமாகி வார்த்தை குழறுவது வேறு விஷயம். குழறுகிறவருக்குச் சொல் தெரியும், வாய்தான் ஒத்துழைக்காது. பேச்சிழப்பு வந்தவருக்கோ சொல்லைத் தேடி எடுத்து, ஒலிகளாக அடுக்கி, வாய்க்கு அனுப்பும் வேலையே தடைப்பட்டுப் போகிறது. புத்தி மங்கிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆட்களைத் தெரியும், வீட்டுக் கணக்கு வழக்குத் தெரியும், பலருக்கு மற்றவர் சொல்வதும் பெரும்பாலும் விளங்கும்.

காதுக்குள் மொழி, இசை என்ற பிரிவு இல்லை

ஒலி உட்காதில் உள்ள நத்தைச்சுருளுக்குப் போகிறது. அங்கே சுமார் 3,500 உள் மயிர்க்கலங்கள் வரிசையாக இருக்கின்றன. சுருளின் அடிப்பக்கம் கீச்சொலிக்கும் நுனிப்பக்கம் கனத்த ஒலிக்கும் அசையும். மத்தளத்தின் தொம்மும் சல்லரியின் கிண்ணும் இங்கேயே இடம் பிரிந்துவிடுகின்றன. அப்புறம் நரம்பு வழியாக மூளைத்தண்டு, மூளையின் நடுவில் உள்ள தலமஸ், கடைசியில் இரண்டு பக்கப் பொட்டுகளுக்கும் உள்ளே இருக்கும் செவிப்புல மேற்பட்டை. ஒரு காதில் விழும் ஒலி மூளையின் இரண்டு பக்கத்துக்கும் போகும்.

தேவாரமோ, பாங்கொலியோ, சந்தையில் மீன் விலை கூவுவதோ, இதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே பாதை.

நேரமும் சுருதியும்

பிரிவு தொடங்குவது இதற்குப் பிறகு. பேச்சை அடையாளம் காண மூளைக்கு முக்கியமாகத் தேவைப்படுவது நேரம். எடு, ஏடு. குடை, கூடை. இவற்றின் வேறுபாடு ஒரு மாத்திரையா இரண்டு மாத்திரையா என்பதில் இருக்கிறது. 'ப'வையும் 'த'வையும் பிரித்தறிய உதவும் ஒலி மாற்றம் சில பத்து மில்லிசெக்கன்களுக்குள் நடந்து முடிந்துவிடும். அந்த வேகத்தில் நறுக்கிப் பார்க்காவிட்டால் சொல் பிடிபடாது.

மெட்டுக்குத் தேவைப்படுவது சுருதி, அதாவது அதிர்வெண்களின் உறவு. ஷட்ஜத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் உள்ள உறவு 1க்கு 2. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு 2க்கு 3. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழைய யாழ்களின் சுரங்களைக் கணக்குப் போட்டுக் காட்டியது இப்படியான விகிதங்களை வைத்துத்தான். இந்த நுணுக்கமான உயரவேறுபாட்டைப் பிடிக்க, ஒலியை வேகமாக நறுக்குவதைவிடக் கொஞ்ச நேரம் தாங்கி நின்று கேட்பது வேண்டும்.

இந்த இரண்டு வேலைகளும் மூளையில் பக்கம் பிரிந்திருப்பதை 2020இல் பிலிப் அல்பூய், ரொபர்ட் சட்டோரே ஆகியோரின் குழு அழகான ஒரு சோதனையில் காட்டியது. பத்து வசனங்கள், பத்து மெட்டுகள். ஒவ்வொரு வசனத்தையும் ஒவ்வொரு மெட்டிலும் பாடவைத்து, பக்கவாத்தியம் இல்லாத 100 சிறு பாட்டுகளை உண்டாக்கினார்கள். பிறகு சில பிரதிகளில் நேர நுணுக்கத்தையும், சிலவற்றில் சுருதி நுணுக்கத்தையும் மழுங்கடித்தார்கள். நேரம் மழுங்கியபோது கேட்டவர்களுக்குச் சொல் போனது, மெட்டு நின்றது. சுருதி மழுங்கியபோது மெட்டு போனது, சொல் நின்றது. கேட்கும்போது எடுத்த மூளைப் படங்களில் சொல்லின் தடயம் இடது செவிப்புல மேற்பட்டையிலும், மெட்டின் தடயம் வலதிலும் தெரிந்தது.

ஒரே தொண்டையிலிருந்து ஒரே மூச்சில் வரும் பாட்டை மூளை இரண்டாகப் பிரித்து வாங்குகிறது. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை வைத்துக்கொண்டால் போதும்.

இடது மொழி, வலது இசை என்று கோடு போடலாமா?

போட முடியாது. இணையத்தில் அதிகம் பரவியிருக்கும் தவறான விளக்கம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மொழிப் பக்கம் கதை ஓரளவு தெளிவு. 1861இல் பாரிஸ் வைத்தியர் போல் புரோக்கா, லெபோர்ன் என்ற நோயாளியைப் பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது "டான்" என்ற ஓர் அசைதான். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைத்தொடர் முழுசாக வந்து விழும். அவர் இறந்த பிறகு பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. அந்தப் பகுதிக்குப் புரோக்கா பகுதி என்றே பெயர். 1874இல் கார்ல் வேர்ணிக்கே, இடது பொட்டுக்குப் பின்பக்கமாகச் சேதமானவர்களை விவரித்தார். அவர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, மற்றவர் சொல்வதும் விளங்காது. வலக்கைக்காரர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பேருக்கும் இடக்கைக்காரர்களில் சுமார் 70 பேருக்கும் மொழியின் பிரதான வேலை இடது பக்கத்தில் நடக்கிறது.

இசைக்கு அப்படி ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போக முடியாது. மெட்டைப் பிடிப்பதில் வலது செவிப்புல மேற்பட்டைக்கு மேல்கை. தாளத்துக்கு வேறு இடங்கள்: அசைவைத் திட்டமிடும் மேற்பட்டை, சிறுமூளை, மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகள். கை கால் அசைக்காமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டாலே அசைவுக்குரிய பகுதிகள் வேலை செய்வதை ஸ்கான் படங்கள் காட்டுகின்றன. கூத்துக் களரியில் மத்தளம் ஏறும்போது சுற்றி இருப்பவர்களின் கால் தானாகத் தட்டுவதற்குக் காரணம் இதுதான். பாட்டில் மயிர்க்கூச்செறிய வைக்கும் இடத்தில், இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை இரசாயனம் சுரப்பதை 2011இல் மொன்ட்ரியல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். அந்த இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதே அது வேறொரு பகுதியில் தொடங்கிவிடுகிறது.

மொழியும் இசையும் ஒரே இயந்திரத்தைப் பங்கிடுகின்றனவா, தனித்தனியா? இங்கே ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. ஒழுங்கு தவறிய ஸ்வரத்தொகுப்பைக் கேட்கும்போது புரோக்கா பகுதியும் அதன் வலதுபக்க இணையும் எதிர்வினை காட்டுவதை 2001இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வு ஒன்று கண்டது. இலக்கணப் பிழைக்கும் இசைப் பிழைக்கும் ஏதோ பொது வேலை இருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவார்கள். எவெலினா ஃபெடோரென்கோவின் குழுவோ, ஒவ்வொருவரின் மொழிப் பகுதியையும் தனித்தனியே அளந்து பார்த்தால் அது இசைக்கு மிகக் குறைவாகவே அசைகிறது என்கிறது. 2022இல் இன்னொரு தகவல் சேர்ந்தது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை வைக்கப்பட்டவர்களிடம், வெறும் பேச்சுக்கும் வெறும் வாத்தியத்துக்கும் பெரிதாக அசையாமல், பாடும் குரலுக்கென்றே எழும்பும் நரம்புக்கலக் கூட்டம் ஒன்று கண்டறியப்பட்டது. என் பார்வையில், நோயாளிகளின் நிலையைப் பார்த்தால் தனித்தனிப் பாதைகள் என்ற பக்கம்தான் எடை கூடுகிறது. இரண்டு உதாரணங்கள்:

1. ரஷ்ய இசையமைப்பாளர் விசாரியன் ஷெபாலின். 1953இலும் 1959இலும் பாரிசவாதம் வந்தது. பேச்சும், பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதும் கடுமையாகக் கெட்டன. ஆனால் இசை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. ஐந்தாம் சிம்ஃபனியை 1962இல் முடித்தார், அடுத்த ஆண்டு இறந்தார். அவருடைய நிலையை நரம்பியல் அறிஞர் லூரியா 1965இல் பதிவு செய்தார்.

2. இதற்கு நேர் எதிர், பிறவி இசையிழப்பு. நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவில் இருக்கிறது என்பது அண்மைய கணிப்பு. இவர்கள் நன்றாகப் பேசுவார்கள், காதும் நன்றாகக் கேட்கும். சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டைக்கூடச் சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் அடையாளம் தெரியாது.

மொழி போய் இசை நிற்கிறது. இசை இல்லாமல் மொழி நிற்கிறது. இரண்டும் முழுக்க ஒன்றாக இருந்தால் இப்படி நடக்க வழியில்லை.

அப்போ பாட்டில் சொல் எப்படி வருகிறது?

மெட்டு வலது பக்கத்தில் நின்றது, சரி. ஆனால் அவர் வாயில் வருவது வெறும் மெட்டு அல்லவே, தமிழ்ச் சொற்களும்தானே? இந்தக் கேள்வி பழையது. பேச்சு இழந்த ஒருவர், பிறர் தொடங்கிக் கொடுத்தால் தேவாலயப் பாட்டுகளைச் சொல்லோடு பாடினார் என்று சுவீடனில் 1745இலேயே ஒலோஃப் டாலின் எழுதிவைத்திருக்கிறார். இன்று தெரிந்த காரணங்கள் இவை:

1. மனப்பாடம். புதிதாக வசனம் அமைப்பதும், ஊறிப்போன தொடரை எடுத்துவிடுவதும் மூளைக்கு வேறு வேறு வேலை. லெபோர்னின் வசைத்தொடர் இரண்டாவது வகை. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, கிழமைகளின் பெயர், "எப்படிச் சுகம்?" என்ற விசாரிப்பு, ஓதிப் பழகிய சூரா, திருநீறு பூசும்போது சொல்லும் பதிகம், குளிர்த்தியில் வருடாவருடம் கேட்ட கண்ணகி அம்மன் பாட்டு எல்லாம் இதே வகை. இவற்றில் வலது பக்கமும் அடித்தள முடிச்சுகளும் பெரிய பங்கு எடுக்கின்றன. கூத்தாடியவர்களின் விஷயம் இன்னும் ஆழம். சட்டங்கொடுத்ததிலிருந்து, அதாவது ஆடுபவர்களுக்குப் பாத்திரமும் பாட்டும் பிரித்துக் கொடுத்ததிலிருந்து, அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் அந்தப் பாட்டை ஆட்டத்தோடும் தாளக்கட்டோடும் சேர்த்துத்தான் படித்திருப்பார்கள். சொல், மெட்டு, கால் மூன்றும் ஒரே நினைவாக ஒட்டிக்கிடக்கும். ஒன்றை இழுத்தால் மற்றது வரும்.

2. தாளம். அடுத்த அசை எப்போது வர வேண்டும் என்பதைத் தாளம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. புரோக்கா வகைப் பேச்சிழப்பில் சறுக்குவது பெரும்பாலும் தொடங்கும் இடத்திலும் அடுத்த அசைக்குத் தாவும் இடத்திலும்தான்.

3. வேகம். சாதாரணப் பேச்சில் ஒலியின் ஏற்ற இறக்கம் செக்கனுக்கு ஐந்து தடவை அளவில் நடக்கும். இசையில் இரண்டு தடவை அளவில்தான். பாட்டில் வாய்க்குத் தயாராக நேரம் கிடைக்கிறது.

4. கூட ஒருவர். காணொளிகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வேறு யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். அண்ணாவியார் எடுத்துக் கொடுக்கப் பக்கப்பாட்டுக்காரர் பிடிப்பது போன்ற ஒரு துணை அது.

இவற்றில் எது கூடுதல் பலம் என்று 2011இல் ஜெர்மனியில் பெனடிக்ட் ஸ்டால் குழு 17 நோயாளிகளை வைத்துப் பார்த்தது. மெட்டோடு பாடச் சொன்னார்கள், மெட்டில்லாமல் தாளத்துக்கு மட்டும் சொல்லச் சொன்னார்கள். பாடுவதால் தனியாக ஒரு மேலதிகப் பயன் தெரியவில்லை. தாளம் உதவியது, அதிலும் அடித்தள முடிச்சுகளில் சேதம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக. எல்லாவற்றையும்விட உதவியது, சொற்கள் ஏற்கெனவே நன்றாகப் பழகியிருந்ததுதான்.

முதல் இரண்டு தப்பெண்ணங்களும் இங்கே விழுந்துவிடுகின்றன. அதே மெட்டில் புதுச் சொற்களைப் போட்டு, "இண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்பதற்குப் பதிலைப் பாடச் சொன்னால் அவரால் முடியாது. வேண்டுமென்று செய்வதாக இருந்தால் மனுசனுக்கு இதைப் பாடுவது என்ன கஷ்டம்? பேச்சு திரும்பிவிட்டது என்பதும் இல்லை. பேச்சுக்குரிய பாதை அடைபட்டே இருக்கிறது. பழைய பாட்டுக்குரிய பாதை ஆரம்பத்திலிருந்தே அடைபடவில்லை.

இதைச் சிகிச்சையாக மாற்ற முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் அல்பேர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் 1973இல் மெட்டுவழிப் பேச்சுப் பயிற்சி ஒன்றை வெளியிட்டார்கள். இதில் பழைய பாட்டைப் பாடவைப்பதில்லை. அன்றாடம் தேவைப்படும் சின்னத் தொடரை உயர்ந்த, தாழ்ந்த இரண்டு சுருதிகளில் இழுத்துச் சொல்லவைக்கிறார்கள். தமிழில் "தண்ணி வேணும்" என்ற தொடரை எடுத்தால் இப்படிப் போகும்:

1. எதிரே உட்காருங்கள், அவர் உங்கள் வாயைப் பார்க்க வேண்டும். அவருடைய இடது கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டு: தண், ணி, வே, ணும். நாலு தட்டு. இடது கையை வலது அரைக்கோளம் அசைக்கிறது, பெரும்பாலும் அந்தக் கைதான் விழாமலும் இருக்கும்.
2. முதலில் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனகுங்கள்.
3. சொல்லோடு இருவரும் சேர்ந்து.
4. பாதியில் நீங்கள் நிறுத்துங்கள், அவர் முடிக்கட்டும்.
5. நீங்கள் சொன்ன பிறகு அவர் தனியாக.
6. "என்ன வேணும்?" என்று கேட்டு, பதிலாக அந்தத் தொடரை வரவைப்பது. பிறகு மெதுவாக மெட்டைக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவது.

"நோகுது", "பசிக்குது", "இங்க வா", பேரப்பிள்ளையின் பெயர் என்று உடனே பயன்படும் தொடர்களாக எடுங்கள். ஒரு தொடர் நன்றாக ஊறும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அவர் களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பயிற்சி செய்த தொடர்கள் நன்றாக முன்னேறுகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. பயிற்சி செய்யாத தொடர்களுக்கும் வீட்டுச் சாதாரணப் பேச்சுக்கும் அது எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்த்தால் முடிவுகள் மெலிந்துதான் இருக்கின்றன. சிலருக்கு வலதுபக்க நரம்புப் பாதை தடிப்பதை 2009இல் ஆறு நோயாளிகளில் கண்டிருக்கிறார்கள். அது நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் ஆறு பேர்தான். விளங்கும் திறன் நன்றாக இருந்து சொல் மட்டும் வராதவர்களுக்கே இந்த முறை பொருந்தும். வேர்ணிக்கே வகைக்காரருக்கு, அதாவது சரளமாக ஆனால் பொருளில்லாமல் பேசுகிறவருக்கு, இது பொருந்தாது.

வெறுமனே பாட்டுக் கேட்பதால் பயன் உண்டா? ஹெல்சிங்கியில் 2008இல் வெளியான ஆய்வில், பாரிசவாதம் வந்த 60 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு தமக்குப் பிடித்த இசையை இரண்டு மாதம் தினமும் கேட்டது, ஒரு பிரிவு ஒலிப்புத்தகம், ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. இசை கேட்டவர்களுக்குச் சொல் நினைவாற்றலும் கவனமும் கூடுதலாகத் தேறின, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. பேச்சிழப்பு அதனால் சுகமாகியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் றேடியோவை வைத்துவிட்டுச் சிகிச்சை நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவருக்குப் பிடித்ததைத் தேர்ந்து, நாளுக்கு ஒரு மணித்தியாலம் போட்டுவிடுவதில் கெடுதி ஒன்றுமில்லை.

வைத்தியசாலைக்குப் போகும்போது

வாய் கோணுதல், ஒரு கை தூக்க ஏலாமை, பேச்சு மாறுதல் இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலே 1990க்கு அழையுங்கள், அம்பியுலன்ஸ் இலவசம். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சீற்றி ஸ்கானும் எடுக்க வேண்டும். கடைசியாக அவரை நல்ல சுகமாகக் கண்ட நேரத்தை எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

உயிர் ஆபத்து நீங்கியதும், துண்டு வெட்டி வீட்டுக்கு வரும் முன்பே, பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்க்க வழி கேளுங்கள். விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா என்றும் அவர்தான் பார்ப்பார். போகும்போது ஒரு கொப்பியில் அவர் ஆடிய கூத்துப் பாட்டுகள், மனப்பாடமான பதிகம் அல்லது சூரா, வீட்டில் அடிக்கடி சொல்லும் சொற்கள், யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இப்போது எதைச் சொல்ல முடிகிறது, எதைப் பாட்டில் மட்டும் சொல்ல முடிகிறது என்பதையும் தனித்தனியே குறியுங்கள். சிகிச்சையாளர் முதல் தொடர்களைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.